அவள் முத்திரை வாங்கப் போன நேரம்

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில் நஸீர் நானாவின் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, லெமினேட்டிங், இன்டர்நெட், பாடசாலைக் கொப்பிகள், பிறந்தநாள் பலூன் என்று அங்கே கிடைக்காதது குறைவு. அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. லெமினேட்டிங் மெஷினின் சூட்டு வாசனையும் ஈரக் குடைகளின் வாசனையும் கடைக்குள் கலந்து நின்றன.

நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். பக்கத்தில் என் தங்கை தர்ஷினி நின்றாள். திரையில் அவளுடைய பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்து கிடந்தது. தனக்கு எந்தப் படிப்பு முதலில் வேண்டும், அது இல்லாவிட்டால் எது என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய இலக்கத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவள் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன்.

"சேர், சுருக்கா முடிங்க. கரன்ட் போனா இன்னைக்கு ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார் நானா.

தர்ஷினி மணியைப் பார்த்தாள். "அண்ணா, தபால் கந்தோர் மூடிருவாங்க. நீங்க மிச்சத்த முடிங்க. நான் ஓடிப்போய் கவரும் முத்திரையும் வாங்கிட்டு வந்திர்றேன்."

பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள்.

மிச்சத்தை நான் முடித்தேன். பிறகு மேலே போய் முதலாம் தெரிவைப் பார்த்தேன். இரண்டாம் தெரிவைப் பார்த்தேன். இரண்டையும் இடம் மாற்றினேன். மாற்றிவிட்டு, ஏதோ எழுத்துப்பிழையைத் திருத்திய வாத்தியாரைப் போல அச்சடிக்கக் கொடுத்தேன்.

அவள் நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது தாள்கள் மேசையில் தயாராக இருந்தன. என் பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட இரண்டு தரம் வாசிக்கிற பெண் அவள். அன்று ஒரு வரி வாசிக்கவில்லை. தட்டியது நான் என்பதுதான் காரணம்.

கைநூலின் கடைசிப் பக்கங்கள்

இதை எழுதலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். கொழும்பில் ஒரு நிறுவனத்தின் நெட்வேர்க் பிரிவில் இப்போது வேலை. பின்னால் ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது.

"எழுதுங்க. ஆனா என்னைய தியாகி மாதிரி எழுதிராதீங்க. நான் உங்க மேல நல்லாக் கோவமாத்தான் இருந்தேன்" என்றாள்.

இந்தத் தொடரை இடையில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வீடு அலுவிகாரையில். நான் கணித ஆசிரியன். மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கல்வியியல் கல்லூரி வழியாக வந்தவன். பல்கலைக்கழகத்துக்குப் போகும் அளவு எனக்குப் புள்ளி வரவில்லை. அப்படியிருந்தும், அல்லது அதனாலேயே, எங்கள் பக்கத்தில் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புவதில் நான்தான் பெரிய ஆள்.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் எங்கள் விறாந்தையில் கதிரை போதாது. தாய் தகப்பன் பிள்ளை என்று குடும்பமாக வருவார்கள். அனுமதிக் கைநூலை என் கையில் தந்துவிட்டு, "சேர் பாத்துப் போடுங்க" என்று நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிப்பார்கள். வாழைக்குலை, மிளகுப் பொட்டலம் என்று ஏதாவது வீட்டுக்கு வந்து சேரும். அம்மாவுக்கு அந்த மாதங்கள் மிகவும் பிடிக்கும்.

முறை இதுதான். பிள்ளை தன் தெரிவுகளை வரிசையாக எழுத வேண்டும். வரிசையின் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள். எந்தப் படிப்புக்கு மாவட்டத்தில் கேட்கும் ஆகக் குறைந்த புள்ளியை, அதாவது வெட்டுப்புள்ளியை, பரீட்சையில் பிள்ளை எடுத்த இசட் புள்ளி முதலில் தாண்டுகிறதோ அதைக் கொடுப்பார்கள். கொடுத்த பிறகு அதற்குக் கீழே எழுதிய எதற்கும் உரிமை கிடையாது.

நான் என்ன செய்வேன் என்றால், கைநூலின் கடைசிப் பக்கங்களை விரித்துவைத்து, போன வருட வெட்டுப்புள்ளியில் ஆகக்கூடியதை முதலாவதாகவும் அடுத்ததை இரண்டாவதாகவும் எழுதிக்கொண்டே இறங்குவேன். நான் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான் செய்தோம். பிள்ளை கஷ்டப்பட்டு எடுத்த புள்ளி, அதில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. கூடிய புள்ளி கேட்கும் படிப்புத்தான் கூடிய படிப்பு. அதில் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

"உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று ஒரு பிள்ளையிடமாவது கேட்டேனா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்டதாக நினைவில்லை.

மிளகுக் கொடியோடு போன கேபிள்

அப்பா ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை செய்தார். ஏ-ஒன்பது வீதியில் வரும் வெள்ளைக்காரர்களை இறக்கி, இது கறுவா, இது சாதிக்காய், இது கொக்கோ என்று சுற்றிக் காட்டுவது அவர் தொழில். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்த மனிதர், ஜெர்மன் பாஷையில் ஏலக்காயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். ஜெர்மன்காரர்களுக்கு அது விளங்கியதா என்று நாங்கள் கேட்டதில்லை.

தோட்டத்துக் கடை ஆகப் பின்னால், மரங்களுக்குள் இருந்தது. அலுவலகத்தின் வைஃபை அங்கே எட்டாது. கார்ட் மெஷின் வேலை செய்யாமல், எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுலாக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதலாளி இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். மரத்தை வெட்ட வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள்.

அப்போது தர்ஷினி உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு. அவளுடைய பாடசாலைக் கணினி அறையில் இணைப்பு அறுந்து, எல்லாக் கம்ப்யூட்டர்களும் தனித்தனியாகக் கிடந்திருக்கின்றன. ஓய்வு நேரங்களில் அவளும் கூடப் படித்த இரண்டு பிள்ளைகளும் மேசைக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து அதைச் சரிப்படுத்தியிருக்கிறார்கள். சீருடையில் ஒட்டடையோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியது எனக்குத் தெரியும். காரணம் எனக்கு அப்போது தெரியாது.

அப்பா கடைப் புலம்பலை வீட்டில் சொன்னதும் அவள் கேட்டாள், "அலுவலகத்துல இருந்து கடைக்கு எத்தன மரம்ப்பா?"

அப்பா மரங்களை எண்ணிக்கொண்டு வந்து சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவள் ஏணியோடு தோட்டத்துக்குப் போய், மிளகுக் கொடி படர்ந்த மரம் மரமாகக் கேபிளைக் கட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை குரங்குகள் வந்து அறுத்துப் போட்டன. மறு சனிக்கிழமை தண்ணீர்க் குழாய்க்குள் கேபிளை விட்டு, மண்ணுக்கு அடியில் கொண்டுபோனாள். கார்ட் மெஷின் 'கீச்' என்று முதல் துண்டைக் கக்கியபோது முதலாளியே கை தட்டினாராம்.

அதன் பிறகு அப்பாவின் சுற்றுலாவில் புதிதாக ஓர் இடம் சேர்ந்தது. கறுவாவுக்கும் கொக்கோவுக்கும் நடுவில் நின்று, மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் குழாயைக் காட்டி, "அண்ட் திஸ், மை டோட்டர்ஸ் கேபிள்" என்பார். அவர்கள் அதையும் போட்டோ எடுப்பார்கள்.

அவள் வாசித்த நடுப்பக்கங்கள்

ஆகவே அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பம் இருக்கவில்லை. நெட்வேர்க் வேலை. குழப்பம், அதற்கு எந்தப் பட்டம் படிப்பது என்பதில்தான். அதையும் அவள் பதறாமல் பார்த்தாள்.

நான் திறக்காத கைநூலின் நடுப்பக்கங்களை, எந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்ற பகுதியை, வாசித்து, ஒரு பழைய கொப்பியில் படிப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று தேடி, ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் போன் எடுத்தாள். எல்லாரிடமும் கேட்டது ஒரே கேள்விகள். வலையமைப்புப் பாடம் எந்த வருடத்தில் வருகிறது? ஒரு பாடமா, தொடர்ச்சியாக வருகிறதா? தொட்டுப் பழக ரவுட்டரும் சுவிட்சும் வைத்த அறை இருக்கிறதா, அல்லது எல்லாம் படத்திலா? கடைசி வருடத்தில் வேலைப் பயிற்சிக்கு வெளியே அனுப்புகிறார்களா?

சாப்பிடும்போது எங்களுக்கும் கொஞ்சம் விழும். "கணினி விஞ்ஞானம் நல்லதுதான். ஆனா அதுல புரோகிராம் எழுதுறதுதான் கூட. எனக்கு எழுதப் பிடிக்கும், நாள் முழுக்க எழுத ஏலாது." இன்னொரு நாள், "தகவல் முறைமைன்னு ஒண்ணு இருக்கு, அதுல பாதி முகாமைத்துவம்." பொறியியலுக்கு அவள் புள்ளி எட்டவில்லை. எட்டியிருந்தாலும் யோசித்திருப்பாளாம். முதல் வருடம் முடிந்த பிறகுதான் எந்தப் பிரிவு என்று சொல்வார்கள், பாலம் கட்டும் பிரிவு கிடைத்தால் என்ன செய்வது?

"பல்கலைக்கழகம் என்னத்துக்கு? ஆறு மாசக் கோர்ஸ் ஒண்ணு செஞ்சா சேர்ட்டிபிகேட் தாறாங்களாமே?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார்.

"அது பிறகு செய்யலாம்ப்பா. மெஷின் மாறினா அந்த சேர்ட்டிபிகேட் பழசாயிரும். தரவு ஏன் அந்த வழியாப் போகுது, இந்த வழியா ஏன் போகலன்னு அடிப்படையில படிச்சா அது பழசாகாது."

கடைசியில் வடக்கே ஒரு சிறிய வளாகத்தின் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு வந்து நின்றாள். மூன்றாம், நான்காம் வருடங்களில் வலையமைப்பை ஆழமாகப் படிக்கலாம். தொட்டுப் பழக அறை இருந்தது. அதுதான் முதலாம் தெரிவு. இரண்டாவதாக, அப்பா அம்மாவின் மனதுக்காக, பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் கியூ.எஸ். போட்டாள். கட்டடத்துக்கு எத்தனை கல், எத்தனை மூடை சீமெந்து என்று மதிப்பிடும் படிப்பு அது. முடித்தவர்கள் வளைகுடா நாடுகளில் நல்ல வேலையில் இருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு.

அவளுடைய புள்ளி இரண்டுக்கும் போதும். கியூ.எஸ்.ஸின் வெட்டுப்புள்ளி உயரத்தில் இருந்தது, வடக்கு வளாகத்தினுடையது வெகு கீழே. நானா கடையில் அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளும் என் கண்ணில் உறுத்தின. இவ்வளவு புள்ளி எடுத்துவிட்டு யாராவது கீழே இருப்பதை மேலே எழுதுவார்களா? சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்கிறாள். அண்ணன் நான் இருந்து என்ன பயன்?

புள்ளி வீணாகும் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே வேறொன்றும் இருந்தது. எனக்குக் கிடைக்காத பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரை என் வீட்டில் ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும் என்ற ஆசை. அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

பாற்சோறு

முடிவு ஒரு காலை நேரம் போனில் வந்தது. கியூ.எஸ். கிடைத்திருந்தது. அம்மா அழுதுகொண்டே பாற்சோறு வைத்தார். அப்பா வேலைக்குப் போய், அன்று வந்த முதல் கூட்டத்திடமே சொல்லியிருக்கிறார். கறுவா மரத்தடியில் நின்று பதினைந்து வெள்ளைக்காரர்கள் என் தங்கைக்காகக் கை தட்டினார்களாம்.

அவள் மட்டும் பாற்சோற்றைத் தொடாமல் கைநூலோடு இருந்தாள்.

"அண்ணா, இதுல எங்கயோ பிழ இருக்கு."

"என்ன பிழ? பெரிய இடம் கெடச்சிருக்கு, சந்தோஷப்படு."

"எனக்கு முதலாம் தெரிவு வரணும்" என்றாள். பிறகு கேபிளில் பிழை தேடுவதைப் போல, ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். "இந்த வருஷ வெட்டுப்புள்ளி என்னோடத விடக் குறைவு. அது சரி. இலக்கத்தக் கைநூல்ல பாத்தேன். அதுவும் சரி. நான் எழுதிக் குடுத்த தாள் இந்தா இருக்கு, அதுவும் சரி. மிச்சம் நம்ம அனுப்பின விண்ணப்பந்தான். அதோட கொப்பி உங்க லாச்சியிலதானே இருக்கு?"

நான் மேசை லாச்சியின் மேல் கையை வைத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றேன்.

"எப்ப?"

"நீ முத்திரை வாங்கப் போனப்ப."

"ஏன்ணா?"

"புள்ளி வீணாப் போயிரும்னு..."

"புள்ளி என்ன, மிஞ்சின சோறா வீணாப் போக?"

அவள் பாற்சோற்றுப் பீங்கானை எடுத்து மூடி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

கியூ.எஸ்.ஸுக்குப் பதிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. பிறகு வேறு படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. பதியாவிட்டால் கிடைத்ததும் போகும், மறுபடி பரீட்சை எழுத வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பதியப் போவதில்லை என்று வீட்டில் சொன்னாள். அப்பா போட்ட சத்தம் பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. திமிர் என்றார், தலைக்கனம் என்றார். கை தட்டிய வெள்ளைக்காரர்களையும் இழுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். என் பெயரைச் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. மூன்று நாள் அப்படியே விட்டேன். இரண்டு இலக்கங்களை மாற்றியதைவிட அந்த மூன்று நாட்கள்தான் எனக்கு இன்றும் கசக்கின்றன. நான்காம் நாள் அப்பா மறுபடி தொடங்கியபோது நான் நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ படிச்சவன்னு நம்பித்தானடா ஊரே உன்கிட்ட வருது" என்றார். எழுந்து போய் அவள் அறை வாசலில் நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

பச்சைக்குப் பக்கத்தில் பச்சை

அந்த ஒரு வருடத்தை எப்படி எழுதுவது? அவள் அதே மேசையில் அதே புத்தகங்களைத் திரும்பவும் படித்தாள். என்னோடு பேசாமல் இல்லை. உப்பைத் தாங்க என்பாள், குடையை எடுத்துட்டுப் போங்க என்பாள், கணக்கில் சந்தேகம் கேட்பாள். அதற்கு அப்பால் ஒரு சொல் கிடையாது. கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பும் படங்களைப் போனில் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். அவள் ஒரு தடவை கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பரீட்சை வாரத்தில் தோட்டத்துக் கேபிள் அறுந்தது. குழாய் வெளியே வரும் இடத்தில் ஏதோ கடித்திருந்தது. அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, அவளுடைய குறடு, கேபிள் முனையில் மாட்டும் கிளிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். உள்ளே எட்டு நிறக் கம்பிகள். எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்று அவள் எழுதி வைத்த துண்டு பெட்டியிலேயே இருந்தது.

பார்த்தால் அந்த வரிசையில் ஓர் ஒழுங்கும் இல்லை. வெள்ளைச் செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் வருகிறது, சரி. வெள்ளைப் பச்சைக்குப் பக்கத்தில் பச்சைதானே வர வேண்டும்? நீலத்தை எழுதியிருக்கிறாள். அவசரத்தில் பிழையாக எழுதிவிட்டாள் என்று நினைத்து, பச்சைக்குப் பக்கத்தில் பச்சையை வைத்துக் கிளிப்பை அழுத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. கார்ட் மெஷின் அசையவில்லை. நான்கு கிளிப்பை நாசமாக்கினேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த பிற்பகல், பரீட்சை மண்டபத்திலிருந்து அவள் நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். கிளிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"நான் எழுதி வச்சிருந்தேனே?"

"அது பிழைன்னு நினைச்சேன். பச்சையும் பச்சையும் பக்கத்துல இருந்தாத்தானே ஒழுங்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய் கோணியது. அழப் போகிறாள் என்று பயந்தேன். சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு, மிளகுக் கொடிக்குக் கீழே சப்பாத்தோடு குந்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"உங்களத் திருத்த ஏலாதுண்ணா" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று விளங்காமல் அப்பாவும் சிரித்தார். பிறகு அவள் கிளிப்பை வெட்டி எறிந்துவிட்டு, என் விரல்களைப் பிடித்து ஒவ்வொரு நிறமாக வைக்கப் பண்ணினாள். பச்சைக்கும் வெள்ளைப் பச்சைக்கும் நடுவில் நீலம் இரண்டும் ஏன் வருகின்றன என்று விளக்கினாள். முழுதாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன். எழுதியிருந்தபடி வைத்தேன். மெஷின் 'கீச்' என்றது.

மறுபடியும் நானா கடை

இரண்டாம் தடவை அவளுக்குப் புள்ளி குறைந்திருந்தது. இனி கியூ.எஸ்.ஸுக்கு ஆசைப்பட்டாலும் கிடைக்காது. வடக்கு வளாகத்துக்கும், போன வருடக் கணக்கில் பார்த்தால், மயிரிழையில்தான் போதும். வெட்டுப்புள்ளி கொஞ்சம் ஏறினால் அதுவும் இல்லை.

வேறு யாரையாவது வைத்து விண்ணப்பத்தைப் போடச் சொன்னேன். "ஏன், நீங்கதானே ஊருக்கே போடுறீங்க" என்றாள். அந்த வருடம் விறாந்தைக்கு வந்த பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்டது வேறு கேள்வி. சில தாய் தகப்பன்மாருக்கு அது பிடிக்கவில்லை. மிளகுப் பொட்டலங்கள் குறைந்தன.

நஸீர் நானா கடையில் அதே கதிரை. வெளியே தூறல். அவள் தாளை என் முன்னால் வைத்தாள். முதலாவது வரியில் அதே வளாகம், அதே இலக்கம். அவள் வாசித்தாள், நான் தட்டினேன், தட்டியதைத் திரும்ப அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு வரி மிச்சம் இருக்கும்போது அவள் பையை எடுத்தாள்.

"அண்ணா, நான் போய் முத்திரை வாங்கிட்டு வாறேன்."

இது வரும் என்று பயந்துதான் காலையிலேயே கவரையும் முத்திரைகளையும் வாங்கி வைத்திருந்தேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "எல்லாம் இருக்கு. நீ எங்கயும் போக வேண்டாம். இங்கயே இரு."

அவள் முத்திரைகளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணினாள். சரியாகத்தான் இருந்தன.

"இன்னும் ஒண்ணு வேணும்" என்றாள். பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

மிச்சம் இரண்டு வரியையும் தட்டினேன். மேலே போய் முதலாவது வரியைப் பார்த்தேன், இரண்டாவதைப் பார்த்தேன், அவள் தாளோடு ஒவ்வோர் இலக்கமாகப் பொருத்திப் பார்த்தேன். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன சேர், முடிஞ்சா?" என்றார் நானா.

"முடிஞ்சது நானா. தங்கச்சி வரட்டும்."

அவள் வந்து சேர அன்று நிறைய நேரமாயிற்று. கடையில் வேறு ஆட்கள் கம்ப்யூட்டருக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். அச்சடித்த தாள்களை அவளிடம் நீட்டினேன்.

"வாசிச்சிட்டுப் போடு."

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கையெழுத்துப் போட்டாள்.

"வாசிக்கவே இல்லையே புள்ள" என்றேன்.

"நீங்க வாசிச்சீங்கதானே?"

தாள்களை மடித்துக் கவரில் வைத்தேன். நான் காலையில் வாங்கிய முத்திரைகளை ஒட்டினேன். அவள் தன் கையிலிருந்த ஒன்றையும் நாக்கில் நனைத்து அவற்றுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அந்தக் கடிதம் தேவைக்கு மேல் ஒரு முத்திரையோடுதான் போனது.